முறைப்பாடு வராத தோட்டங்கள்

நுவரெலியா மாவட்டத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தராகப் பணியாற்றிய காலத்தில், சிறுவர் துஷ்பிரயோகம், புறக்கணிப்பு தொடர்பான விசாரணைகளைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக அடுக்கிப் பார்க்கும் மீளாய்வுக் கூட்டங்கள் பலவற்றில் கலந்துகொண்டிருக்கிறேன். எண்ணிக்கை கூடிய பிரிவைப் பார்த்து எல்லோரும் கவலைப்படுவார்கள். குறைந்த பிரிவுக்குப் பாராட்டுக் கிடைக்கும். பாராட்டுப் பெற்ற பிரிவைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறேன்.

முதலாவது சிக்கல், எத்தனை சிறுவர்களுக்கு இத்தனை விசாரணை என்பது அந்த அட்டவணைகளில் இருப்பதில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்போது அம்பகமுவ, நுவரெலியா ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தார்கள்; பல பிரதேச செயலகங்களைக் கொண்ட முல்லைத்தீவு மாவட்டம் முழுவதிலும் அப்போது ஓர் இலட்சம் பேர்கூட இல்லை. உத்தியோகத்தர்களோ பிரிவுக்கு இத்தனை பேர் என்றுதான் நியமிக்கப்படுகிறார்கள். பின்னர் நோர்வூட், தலவாக்கலை என்று புதிய பிரிவுகள் பிரிக்கப்பட்டது நல்லதே. ஆனால் பழைய எண்ணிக்கையையும் புதியதையும் அருகருகே வைத்து, குறைந்தது, கூடியது என்று பேசுவதில் பொருளில்லை.

இங்கிலாந்தில் 1989 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் 47 ஆம் பிரிவின் கீழ் நடக்கும் சிறுவர் பாதுகாப்பு விசாரணைகளை, 10,000 சிறுவர்களுக்கு எத்தனை என்ற வீதத்தில் உள்ளூராட்சிப் பகுதி வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். அங்கும் பகுதிக்குப் பகுதி வேறுபாடு பெரிது. ஒரே அளவு வறுமையுள்ள குடியிருப்புகளை ஒப்பிட்டால், வசதி கூடிய உள்ளூராட்சிப் பகுதிகளிலேயே அரசின் தலையீடு அதிகம் என்று அங்கு நடந்த ஆய்வுகள் காட்டின. அதை வாசித்தபோது எனக்கு மலையின் மேற்பகுதியில் இருக்கும் எங்கள் மேற்பிரிவுத் தேயிலைத் தோட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. பார்க்க ஆளில்லாத இடத்தில் விசாரணையும் இல்லை.

ஒரு முறைப்பாடு எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பாருங்கள். 1998 இன் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு முறைப்பாடு சொல்ல 1929 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. ஆனால் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த காம்பராவில் (அறையில்) நடப்பதைச் சொல்ல, அதே லயத்தில் நின்றுதான் தொலைபேசியில் பேச வேண்டும். பலகைச் சுவருக்கு அப்பால் எல்லாம் கேட்கும். பொலிஸ் நிலையத்துக்கு இறங்கினால் அன்றைய பேர், அதாவது அந்த நாளின் வேலையும் சம்பளமும், போய்விடும், வாக்குமூலமும் சிங்களத்தில் எழுதப்படும். பல விடயங்கள் தோட்டத் தலைவர்மார் முன்னிலையில் 'பேசி முடிக்கப்படுவது' இதனால்தான். என் பதிவேட்டில் முறைப்பாட்டின் மூலம் என்ற நிரலை மட்டும் தனியே வாசித்தால், பெரும்பாலும் ஆசிரியர்களும் குடும்ப நல உத்தியோகத்தர்களுமே இருந்தார்கள். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது அந்த நிரலிலிருந்து ஆசிரியர்கள் மறைந்தார்கள். பிள்ளைகளின் துன்பம் அன்றைக்குக் குறைந்துவிட்டதாக எவரும் சொல்ல முடியாது.

ஒரு பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவுக்குத் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் ஒருவர் வந்தபோது, அந்தப் பகுதியிலிருந்து வரும் முறைப்பாடுகள் சில மாதங்களில் தெளிவாகக் கூடின. அடுத்த கூட்டத்தில் எழுந்த கேள்வி, "அங்கே நிலைமை ஏன் மோசமாகிறது?" என்பதுதான்.

எண்ணிக்கை கூடுவதெல்லாம் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. 'புறக்கணிப்பு' என்று எங்களுக்கு வந்த ஒரு முறைப்பாட்டைத் தேடி ஒரு மேற்பிரிவுக்குப் போனேன். தாய் குவைத்தில், பையன் பல வாரங்களாகப் பாடசாலைக்குப் போகவில்லை, அம்மாயி (தாயின் தாய்) கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் நேரத்தில் தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது அவன்தான். அந்த அம்மாயி, கூரைச் சட்டத்தில் செருகி வைத்திருந்த பொலித்தீன் பையை எடுத்து, சின்னவளின் நிறை பதியும் அட்டையைக் காட்டினார். ஒரு மாதம்கூட விடுபட்டிருக்கவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "மிஸ், நீங்க எழுதிட்டுப் போனா பிள்ளைகள ஹோமுக்குக் கொண்டு போயிருவாங்களா?" இந்தக் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது பிள்ளை மடுவத்தில் (தோட்டத்தின் பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) ஓர் இடமும் காலையில் அதைத் திறந்து வைக்கும் ஆளும். விசாரணைப் படிவத்தில் அதை எழுத இடமில்லாததால் மறுபக்கத்தில் எழுதினேன். மாவட்ட அட்டவணையில் அது ஒரு புறக்கணிப்பு என்றே ஏறியது.

ஆகவே பிரிவு வாரியான வீதம் தேவை என்றே வாதாடி வந்திருக்கிறேன். ஆனால் 18 வயதுக்குட்பட்டோரின் எண்ணிக்கை, முறைப்பாட்டைக் கொண்டுவந்தவர் யார், கடமையில் இருக்கும் தமிழ் பேசும் உத்தியோகத்தர் எத்தனை பேர், விசாரணைக்குப் பின் குடும்பத்துக்குக் கிடைத்த உதவி என்ன என்பவையும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். என் கடைசி ஆண்டுகளில், பதிவேட்டில் ஒரு முறைப்பாடும் இல்லாத தோட்டங்களைத் தனியாகப் பட்டியலிட்டு, களப்பயணங்களை அங்கிருந்தே தொடங்கினேன்.