செல்ஃப் அடித்தால் கரகர: பிக்கப் நாட்குறிப்பு

ஜூலை 7, திங்கள்

காலையில் முருங்கை ஏற்றக் கிளம்பிச் சாவியைத் திருப்பினால் ‘கர்ர்ர்’ என்று இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம். என்ஜின் சுற்றவே இல்லை. விட்டுவிட்டு மறுபடி திருப்பினேன், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லோடு இறக்கும்போது பக்கத்து வண்டிக்காரர்களிடம் சொன்னேன். “பழைய வண்டி, புது செல்ஃப் போட்டு விடுங்கண்ணே” என்கிறார்கள் எல்லோரும். செல்ஃப் என்றால் என்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. முதல் தடவை கத்தியது இரண்டாம் தடவை ஏன் கத்தவில்லை? இதற்கு விடை தெரியாமல் காசை இறக்க முடியாது.

ஜூலை 8, செவ்வாய்

செல்ஃப் போடுகிற சத்தத்தை வைத்தே பாதி சொல்லிவிடலாம். ‘டக் டக் டக்’ என்று விடாமல் அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லையென்றால் அதன் முனையில் (டெர்மினல்) உப்புப் பூத்திருக்கும். ஒரே ஒரு ‘டக்’கோடு நின்றுவிட்டால் செல்ஃபுக்குக் கரண்டு விடும் காந்த சுவிட்சான சொலினாய்டின் உள்ளே இருக்கும் தாமிரக் காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம். மோட்டார் ‘ஙொய்ய்’ என்று தனியாகச் சுற்றி, என்ஜின் அசையாவிட்டால் பெண்டிக்ஸ், அதாவது செல்ஃபிலிருந்து முன்னால் வந்து என்ஜின் பல்லில் மாட்டும் சின்னப் பல்சக்கரம், வழுக்குகிறது. என்ஜின் எடுத்த பிறகும் கரகரத்தால் பெண்டிக்ஸ் திரும்பி வரவில்லை. என் வண்டி கத்துவது எடுப்பதற்கு முன்னால். பல்லும் பல்லும் சரியாகச் சேராத சத்தம் இது.

ஆனாலும் கரண்டு குறைந்தால் சொலினாய்டு பெண்டிக்ஸை முழுசாகத் தள்ளாது, அப்போதும் இப்படிக் கத்தும். அதனால் முதலில் பேட்டரி. மல்டிமீட்டரில் சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், நல்ல சார்ஜ். என்ஜின் எடுத்துவிடாமல் இருக்க டீசல் கட்-ஆஃப் வயரைக் கழற்றிவிட்டு மகனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 10.4 காட்டியது. 9.6க்குக் கீழே போனால்தான் கவலை. பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் போல்ட்டுக்கும் நடுவே 0.3 வோல்ட் இழப்பு. அரை வோல்ட்டைத் தாண்டினால் வயரைச் சந்தேகப்படலாம். எர்த் பக்கமும் சுத்தம். செல்ஃபைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் இறுக்கமாகவே இருந்தன. சரி, கரண்டில் குறையில்லை.

ஜூலை 10, வியாழன்

இன்றைக்குத்தான் விடை கிடைத்தது. என்ஜினின் முன்பக்கம் அதோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். காலையில் கத்தியபோது கோடு நேர் கீழே. மறுபடி அடிக்காமல் சாவியை எடுத்தேன், டாப் கியரில் போட்டேன், மகனும் நானும் வண்டியை ஒரு சாண் முன்னால் தள்ளினோம். நியூட்ரலுக்கு வந்து செல்ஃப் அடித்தால் சத்தமே இல்லாமல் எடுத்துக்கொண்டது. சாயங்காலம் கத்தியபோது கோடு நேர் மேலே. அப்போதும் தள்ளியதும் சரியாகிவிட்டது.

நாலு சிலிண்டர் என்ஜினை அணைத்ததும், கடைசியில் ஏதோ ஒரு சிலிண்டரின் கம்ப்ரெஷனை (உள்ளே காற்று அமுக்கப்படுவதை) தாண்ட முடியாமல்தான் அது நிற்கும். அப்படி நிற்க, என்ஜினின் பின்பக்கம் சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலில் இரண்டே இடம்தான், ஒன்றுக்கு ஒன்று நேர் எதிர். ஆறு சிலிண்டர் என்றால் மூன்று இடம். ஆக, ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் செல்ஃப் கடிப்பது திரும்பத் திரும்ப அதே பற்களை. ஃபிளைவீலைச் சுற்றியிருக்கும் பல் வளையம் (ரிங் கியர்) முழுக்கத் தேயாது, அந்த இரண்டு இடம் மட்டும் தேயும். திங்கட்கிழமை இரண்டாம் தடவை எடுத்ததும் இதனால்தான்: கொஞ்சம் நகர்ந்து நல்ல பல்லில் மாட்டியிருக்கிறது. புது செல்ஃப் போட்டிருந்தால் அதன் பல்லையும் இந்த ரிங் கியர் தின்றிருக்கும். நினைக்கவே வயிறு எரிகிறது.

ஜூலை 11, வெள்ளி

இரவில் செல்ஃபைக் கழற்றினோம். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். செல்ஃபுக்கு வரும் தடி வயருக்கு நடுவில் ஃபியூஸ் கிடையாது, ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும்.

பெண்டிக்ஸைக் கையால் சுற்றினால் ஒரு பக்கம் லேசாக ஓடுகிறது, எதிர்ப்பக்கம் பிடிக்கிறது. அது சரி. பற்களின் முன்விளிம்பு மட்டும் மழுங்கியிருக்கிறது. செல்ஃப் இருந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து, புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகச் சுற்றினேன். பல் எல்லாம் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. சாக்பீஸ் கோடு கீழே வந்ததும் எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி வரிசையாகச் சில பற்கள். அரைச்சுற்று கழித்து இன்னொரு கும்பல்.

ஜூலை 12, சனி

மார்க்கெட் லீவு, அதனால் இன்றைக்கே கியர்பாக்ஸை இறக்கியாச்சு. ஃபிளைவீலைக் கழற்றி லேத்துக்கு எடுத்துப்போனோம். ரிங் கியரை நாலில் ஒரு பங்கு திருப்பி அடித்தால் நல்ல பல் அந்த இடத்துக்கு வந்துவிடும், செலவும் குறைவு என்றார் மெக்கானிக் அண்ணன். நியாயமான யோசனைதான். ஆனால் இதற்காக இன்னொரு முறை கியர்பாக்ஸை இறக்க எனக்கு விருப்பமில்லை. புது ரிங், புது பெண்டிக்ஸ் இரண்டையும் சேர்த்தே வாங்கினேன். தேய்ந்தது ஒன்று இருந்தாலும் புதியதைக் கெடுத்துவிடும்.

லேத்காரர் வேலையை வேடிக்கை பார்த்தே பொழுது போனது. பழைய ரிங்கைத் துளைபோட்டு உளியால் பிளந்து எடுத்தார். புதியதைச் சுற்றிலும் ஒரே சீராகச் சூடேற்றினார். வைக்கோல் நிறம் வந்ததும், அதாவது சுமார் 230 டிகிரியில், அடுப்பை நிறுத்திவிட்டார். நீலம் பாய்ந்தால் பல்லின் உறுதி போய்விடுமாம். குளிர்ந்த ஃபிளைவீல் மேல் வைத்து லேசாகத் தட்டினார், உட்கார்ந்துவிட்டது. வெல்டிங் எதுவும் வேண்டாம், ஆறும்போது சுருங்கி அதுவே பிடித்துக்கொள்ளும். பல்லின் சரிவு செல்ஃப் வரும் பக்கம் இருக்கிறதா என்று வைப்பதற்கு முன் மறுபடி பார்த்தார். அந்தக் கவனத்துக்காகவே அவரிடம் போகலாம்.

கிளட்ச் பிளேட் இன்னும் ஓடும். ரிலீஸ் பேரிங் மட்டும் மாற்றினோம். என்ஜினின் பின்பக்க ஆயில் சீலில் கசிவு இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் எல்லாவற்றையும் பூட்டி, செல்ஃப் அடித்தேன். சுத்தமான சத்தம். வேண்டுமென்றே பலமுறை அணைத்து அணைத்து எடுத்துப் பார்த்தேன், கோடு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒரே மாதிரி எடுக்கிறது. கொஞ்சம் ஓடிய பிறகு செல்ஃப் போல்ட்டை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் அண்ணன். மத்தியானம் முருங்கை லோடு இருக்கிறது.