சாவி கையில், அதிகாரம் இன்னும் இல்லை: புரோபேட்டுக்கு முந்தைய மாதங்கள்

இறந்தவரின் வீட்டுச் சாவி அன்றைக்கே கைக்கு வந்துவிடும். வீட்டை விற்கும் அதிகாரம் வர மாதக்கணக்காகும். உயில் செல்லும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு தரும் ஆவணம்தான் புரோபேட். படிவமும் கட்டணமும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் இந்த இடைப்பட்ட காலத்தில் வீட்டுக்கும் உறவுக்கும் வரும் சேதம் எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

முதல் வாரத்தில் வீடு பத்திரமாக இருந்தால் போதும், வேறு எதையும் முடிவு செய்ய வேண்டாம். யார் யாரிடம் சாவி இருக்கிறது என்று தெரியாவிட்டால் பூட்டை மாற்றிவிடுங்கள். தண்ணீர் மெயின் வால்வையும் கேஸையும் மூடுங்கள். ஆளில்லாத வீட்டில் குழாய் ஒழுகினால் கூரையோ தரையோ கெட்ட பிறகுதான் தெரியவரும். மின் இணைப்பைத் துண்டிக்காதீர்கள், மதிப்பீட்டாளர் வரும்போது விளக்கு எரிய வேண்டும். வாசலில் தபால் சேரவும் விடாதீர்கள். வீடு காலி என்று ஊருக்கே அது சொல்லிவிடும். தெரியாத கடனும் கணக்கும் பெரும்பாலும் தபால் வழியாகத்தான் தெரியவரும் என்பதால், ஒரு கடிதத்தையும் பிரிக்காமல் போடாதீர்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் வீட்டு இன்சூரன்ஸ். பல பாலிசிகளில் வீடு 30 அல்லது 60 நாள் தொடர்ந்து ஆளில்லாமல் கிடந்தால் திருட்டு, நீர்க்கசிவு போன்றவற்றுக்கான பாதுகாப்பு குறைந்துவிடும், சிலவற்றில் இல்லாமலே போகும். நிறுவனத்துக்கு இறப்பைத் தெரிவித்து, பாதுகாப்பு தொடர என்ன நிபந்தனை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாரம் ஒருமுறை வீட்டைப் பார்க்கச் சொன்னால், போன தேதிகளைக் குறித்து வையுங்கள்.

இறந்தவரின் செல்போன் எண்ணை அவசரப்பட்டு ரத்து செய்ய வேண்டாம். பல கணக்குகளின் ஓடிபி அதற்குத்தான் வரும். அதற்காக, பின் நம்பர் தெரியும் என்று ஏடிஎம்மில் பணம் எடுக்கக் கூடாது. அவர் உயிரோடு இருந்தபோது உங்களுக்குக் கொடுத்த பவர் பத்திரமும் இறப்போடு காலாவதி. நல்ல நோக்கத்தில் எடுத்த தொகைகூட ஆறு மாதம் கழித்துக் கூடப்பிறந்தவர்கள் கண்ணுக்குத் திருட்டாகத் தெரியும்.

உயிலின் மூலப்பிரதியில் பின்னைப் பிரிக்காதீர்கள். ஜெராக்ஸ் எடுப்பதற்காகக்கூட வேண்டாம். பின் போட்ட துளை மட்டும் இருந்தால், நடுவில் ஒரு தாள் மாற்றப்பட்டதா, இணைப்பு ஏதும் இருந்து காணாமல்போனதா என்ற கேள்வி எழும். அதற்குப் பிரமாணப் பத்திரம் கொடுத்து அலைய நேரும். கிடைத்த முதல் உயிலோடு தேடலை நிறுத்தவும் கூடாது, கடைசியாக முறைப்படி எழுதியதுதான் செல்லும். இறப்புச் சான்றிதழில் பத்துப் பிரதிகளாவது சான்றளித்து வாங்குங்கள். சில அலுவலகங்கள் கொடுத்ததைத் திருப்பித் தருவதில்லை.

விண்ணப்பிக்கும் முன் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். கூட்டு உரிமையில், ஒருவர் இறந்தால் மற்றவருக்கே முழுதும் என்ற வகையில் எழுதியிருந்தால் உயில் அந்த வீட்டைத் தொடாது. தனித்தனிப் பங்கு என்றால் இறந்தவரின் பங்கு மட்டும் உயில்படி போகும். வீட்டுக் கடன் இருந்தால் தவணை நிற்காது. கடனோடு ஆயுள் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று வங்கியிடம் நீங்களாகவே கேளுங்கள்.

இறந்த தேதிக்கான மதிப்பீட்டை எழுத்தில் வாங்குவது, வீட்டைச் சுத்தம் செய்து பெயின்ட் அடிப்பதற்கு முன்பே நடக்கட்டும். வரிக்கும், பின்னால் விற்றால் லாபக் கணக்குக்கும், ஒரு வாரிசு மற்றவர் பங்கை வாங்குவதற்கும் அந்த எண்தான் அடிப்படையாகும்.

பொருள்களைப் பொறுத்தவரை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன்: அறை அறையாக, அலமாரியைத் திறந்து வீடியோ எடுத்து முடிக்கும்வரை, கெட்டுப்போகும் உணவும் மருந்தும் தவிர ஒரு கரண்டிகூட வெளியே போகக் கூடாது. “ஞாபகத்துக்கு ஒண்ணு எடுத்துக்கறேன்” என்பதில்தான் பல சண்டைகள் தொடங்குகின்றன. புத்தகங்களை உதறிப் பாருங்கள், சட்டைப்பைகளைத் துழாவுங்கள். காகிதம் எதையும் கிழிக்காமல் ஒரே பெட்டியில் போடுங்கள். உடுப்புகளைக் கொடுப்பதற்குச் சட்டத்தில் கெடு எதுவும் இல்லை. மனம் ஒப்பும்போது செய்துகொள்ளலாம்.

இறுதிச் சடங்குச் செலவு, நிர்வாகச் செலவு, கடன், வரி எல்லாம் தீர்ந்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு. அவசரப்பட்டுப் பிரித்துக் கொடுத்தபின் ஒரு கடன்காரர் வந்து நின்றால், உயிலை நிறைவேற்றுபவரே கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டிவரலாம். ஆகவே தனி வங்கிக் கணக்கு வைத்து, உங்கள் சொந்தக் காசில் செய்த செலவுக்கும் ரசீது சேருங்கள். வாரிசு ஒருவர் அந்த வீட்டிலேயே குடியிருந்தால் மின்கட்டணம், பழுது, வாடகை யார் பொறுப்பு என்பதை முதல் மாதமே எழுதிக்கொள்வது நல்லது.

துக்கத்தில் இருப்பவருக்கு நேற்றுப் பேசியது இன்று நினைவில் நிற்காது. ஒரே நோட்டில் தேதி, பேசியவர் பெயர், குறிப்பு எண் மூன்றையும் எழுதுங்கள். “இறந்துவிட்டார்” என்று ஒவ்வொரு இடத்திலும் திரும்பத் திரும்பச் சொல்வதே பெரிய பாரம், தொலைபேசி வேலையை மட்டுமாவது வேறொருவரிடம் கொடுத்துவிடலாம். காலி வீடு என்று மோப்பம் பிடித்துக் குறைந்த விலை பேச வருபவர்களிடம், புரோபேட் வராமல் கையெழுத்து இல்லை என்று சொல்லி அனுப்புங்கள். முன்பணமும் வாங்க வேண்டாம்.