துவர்ப்பு தெரிந்த நாக்கு

ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் திராட்சை அறுத்து, ரசத்தைப் பீப்பாயில் ஏற்றி, கழுவ வேண்டியதையெல்லாம் கழுவி முடிக்க ஏப்ரல் கடைசி ஆகிவிடும். அதன் பிறகுதான் எனக்கு லீவு. ஆகவே நான் ஆம்பூருக்கு வருவது எப்போதும் அக்னி நட்சத்திரத்தில்தான். இதையும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பக்கத்தில் அப்பா விசிறியோடு இருக்கிறார்.

எங்கள் ஊர் 2019-இலிருந்து திருப்பத்தூர் மாவட்டம், அதற்கு முன் வேலூர். அப்பாவுக்கு இன்றைக்கும் வட ஆற்காடுதான். முப்பது வருஷத்துக்கு மேல் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். அதுவும் குரோம் உப்பில் பதனிடும் பக்கம் இல்லை, பட்டையில் பதனிடும் பக்கம். ஆவாரம் பட்டை, கடுக்காய், வாட்டில் பட்டை ஊறிய தொட்டித் தண்ணீரின் வாசனை அவர் சட்டையை விட்டுப் போனதே இல்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரச் சில பையன்கள் தயங்கியது அந்த வாசனையால்தான். அதை விட்டுத் தூரமாய்ப் போக வேண்டும் என்றுதான் நான் படித்தேன்.

என் மனைவி சி.எம்.சி.யில் படித்த நர்ஸ். அவளுக்கு அடிலெய்டுக்கு வடகிழக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பரோசாவில், முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அவள் விசாவில் நானும் போனேன். போய் இறங்கியது ஜூன் மாதம். காலையில் மூன்று டிகிரி குளிர். சாலையின் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகக் கறுத்த கட்டைகள், ஒரு இலை கிடையாது. எல்லாம் பட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். நம் கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சைக்கு இந்தத் தூக்கம் தெரியாது. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை இருக்கும். அங்கே கொடி குளிரில் உறங்கி, செப்டம்பரில் துளிர்விட்டு, நவம்பரில் பூத்து, பிப்ரவரிக்கு மேல் ஒரே ஒரு முறைதான் பழம் கொடுக்கும்.

ஊரில் ஷூ கம்பெனியில் குவாலிட்டி பார்த்த அனுபவம் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. எட்டு மாதம் சும்மா இருந்தேன். அந்த எட்டு மாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. பிப்ரவரியில் சிறிய ஒயினரி ஒன்றில் அறுவடைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அம்மாவிடம் போனில் சொன்னதும், "சாராயக் கடையிலயாப்பா வேலை?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் அம்மாவே கூப்பிட்டு, "கோயில்ல திருவிருந்துக்குக் குடுக்கிற திராட்சரசமும் எங்கியோ ஒருத்தர் பிழிஞ்சதுதானே" என்றார். அவர் மனசை எப்படிச் சமாதானப்படுத்திக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தைக்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

கோயில் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். பரோசாவை உருவாக்கியவர்களில் பலர் லுத்தரன் சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்கள். பிரஷ்ய அரசன் வழிபாட்டு முறையை மாற்றச் சொன்னபோது இணங்காமல் சிலேசியாவிலிருந்து கப்பலேறியவர்கள். 1842-இல் பெத்தனி என்ற ஊரை அமைத்தார்கள். ஆம்பூரில் லுத்தரன் சபையில் ஞானஸ்நானம் பெற்ற நாங்கள் பரோசாவின் தனுண்டா என்ற ஊரில் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் போனபோது, பாடிய ராகம் எங்களுக்குத் தெரிந்த ராகம். வார்த்தை மட்டும் ஆங்கிலம். நான் தமிழிலேயே சேர்ந்து பாடினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தனுண்டாவில் 1843-இல் நட்ட ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சைக் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. பிரான்சின் தோட்டங்களை 1860-களுக்குப் பின் அழித்த ஃபைலாக்ஸரா என்கிற வேர்ப்பேன் தென் ஆஸ்திரேலியாவுக்குள் இதுவரை வரவில்லை. மற்ற நாடுகளில் பெரும்பாலும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் கொடி வளர்க்கிறார்கள். இங்கே பழைய கொடி தன் சொந்த வேரிலேயே நிற்கிறது. வெளியூர்த் தோட்டத்துக்குப் போய்வந்த செருப்பைக் கழுவாமல் வரப்பில் கால் வைத்தால் பெரிய சண்டை வரும். 35 வருஷம் தாண்டிய கொடிக்கு ஒரு பெயர், 70 தாண்டினால் ஒரு பெயர், நூறு தாண்டினால், 125 தாண்டினால் வேறு வேறு பெயர் என்று 2009-இலிருந்து ஒரு சாசனமே வைத்திருக்கிறார்கள். மரத்துக்கு வயது கூடக் கூட மரியாதை கூடும் இடம் அது.

ஒயினரியின் முதலாளி அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. அவருடைய பழைய கொடிகளுக்குப் பந்தல் இல்லை, கம்பி இல்லை, பாசனமும் இல்லை. குளிர்கால மழை மண்ணில் சேர்த்து வைத்த ஈரத்தை வேர் தேடிப்போய்க் குடிக்க வேண்டும். கொத்து குறைவு, பழம் சிறியது, தோல் தடிப்பு. அந்தத் தடித்த தோலுக்காகத்தான் இத்தனையும்.

அறுவடைக்கு முன்னால் தினமும் காலையில் வரிசைக்குள் நடந்து பழம் பறித்து வாயில் போட்டு, விதையைக் கடிப்பார். சர்க்கரையை அளக்கக் கருவி இருக்கிறது. அது காட்டும் போமே அளவில் ஒரு டிகிரி, கிட்டத்தட்ட ஒரு சதவீத ஆல்கஹாலாக மாறும். ஆனால் வெயில் திடீரென்று ஏறினால் சர்க்கரை முன்னால் ஓடிவிடும், விதை பின்தங்கும். பச்சை விதை நாக்கைப் பிடித்து இழுக்கும். பழுப்பாகி, பல்லில் மொறுமொறுவென்று உடைந்தால்தான் கத்தரிக்கோலை எடுக்கச் சொல்வார்.

இரண்டாம் வாரம் என் கையிலும் இரண்டு பழம் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். துவர்ப்பு என்பதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. நமக்கு அது அறுசுவையில் ஒன்று. வாழைப்பூ, நாவல்பழம், கொட்டைப்பாக்கு என்று குழந்தைக்கும் தெரியும். அவர்கள் வாய் உலர்கிறது, பிடிக்கிறது என்று சுற்றி வளைப்பார்கள். "எங்க அப்பா தோல் பதனிடும் பட்டையைக் கடித்தால் இப்படித்தான் இருக்கும், அதைவிட இது கொஞ்சம் மெத்து" என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். என்ன பட்டை, எத்தனை நாள் ஊறும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டிலும் இருப்பது டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான். பட்டையின் டானின் தோலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் தோல் அழுகாமல் கெட்டிப்படுகிறது. ஒயினின் டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடிக்கிறது, அதனால் வாய் வறள்கிறது. அப்பாவின் தொட்டியில் துவர்ப்பு தோலுக்குள் போகும். இங்கே தோலுக்குள்ளிருந்து வெளியே வரும். ஷிராஸின் சாறு மட்டும் பார்த்தால் ஏறக்குறைய நிறமில்லாதது. நிறம், துவர்ப்பு, வாசனை எல்லாம் பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தொடங்கியதும் வாயு கிளம்பி, தோலெல்லாம் மேலே வந்து கெட்டியான மூடி மாதிரி மிதக்கும். அதை நாளுக்கு மூன்று முறை கட்டையால் அமுக்கி உள்ளே தள்ளுவது என் வேலை. அமுக்கும்போது கைகள் தாமாகவே அப்பா தொட்டியில் தோலைப் புரட்டும் தாளத்தில் போனதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. தொட்டி மேல் குனிந்து மூச்சிழுக்கக் கூடாது, கரியமில வாயு ஆளைச் சாய்த்துவிடும். வாயுவை அளக்கும் கருவி இல்லாமல் யாரையும் உள்ளே இறக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கித் திரும்பாதவர்களின் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அந்தச் சின்னக் கருவி ஏன் அவர்கள் இடுப்பில் இல்லாமல் போனது என்று ஒவ்வொரு அறுவடையிலும் நினைக்கிறேன்.

பிழியும்போது முதலில் தானாக வடிவது ஒரு ரகம், அழுத்த அழுத்த வருவது வேறு ரகம். கடைசியில் வருவது கடும் துவர்ப்பு. எந்த இடத்தில் நிறுத்துவது என்று ருசி பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ருசி பார்த்துத் துப்பிவிடுவோம், விழுங்குவதில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது மிகவும் நிம்மதியானார். இப்போது அந்த இடத்தில் என் நாக்கையும் கேட்கிறார்கள்.

அங்கே ஆகஸ்டில் தோட்டத்து ஓரமெல்லாம் மஞ்சளாய்ப் பூக்கும் ஒரு மரம் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ஆவாரை மாதிரியே இருக்கும். அதுதான் வாட்டில், ஆஸ்திரேலியாவின் தேசிய மலர். போட்டோ அனுப்பினேன். "இன்னாடா, பட்டை மூட்டைல வந்த வாட்டிலா இது? இவ்ளோ அழகா பூக்குமா?" என்று கேட்டார் அப்பா. அவர் தொட்டிக்கு வந்தது அதே இனத்துக் கறுப்பு வாட்டில் மரத்தின் பட்டை. அதற்கும் ஆஸ்திரேலியாதான் சொந்த ஊர். நான் போவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அந்த நாட்டுத் துவர்ப்பு எங்கள் வீட்டுச் சட்டையில் இருந்திருக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் அவர் கேட்டார். ஒயினரி கழுவும் தண்ணீர் குட்டையில் தேங்கி, சுத்திகரித்து, மரங்களுக்குப் போகிறது என்றேன். தோல் கழிவு கலந்த பாலாற்றுக்காக 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகும் எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அந்த வேலைதான் எங்களுக்குச் சோறு போட்டது, அந்த வேலைதான் கிணற்றையும் கெடுத்தது. இரண்டும் அவருக்குத் தெரியும்.

நேற்று சாயங்காலம் பஜாரிலிருந்து அரைக் கிலோ பன்னீர் திராட்சை வாங்கி வந்தேன். விதை கடிப்பதைப் பற்றி அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பழத்தை எடுத்துச் சாற்றை உறிஞ்சி, விதையை முன்பல்லில் வைத்து மெதுவாகக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நாக்கைப் புரட்டினார். அப்புறம் முற்றத்தில் துப்பிவிட்டு, "அவசரப்பட்டு அறுத்துட்டாங்க. இன்னும் ஒரு வாரம் விட்டிருக்கணும்" என்றார்.