முன்னறைக் காப்பகமும் என் பிளஸ் டூவும்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம், எங்கள் வீட்டு முன்னறையில்தான் குழந்தைகள் காப்பகம் நடந்தது. அண்டியாபீசு என்கிற முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலைக்கும் ரப்பர் பால்வெட்டுக்கும் போகிற தாய்மாரின் பிள்ளைகள் 25 பேர். மத்திய அரசின் தேசியக் காப்பகத் திட்ட மானியம் ஒரு தொண்டு நிறுவனம் வழியாக வந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள வீட்டார் மாதம் 20 ரூபாய் கட்டினால் போதும் என்று அப்போது இருந்தது.

2017 ஜனவரியில் நடப்புக்கு வந்த விதிகளில், பணியாளருக்குப் பிளஸ் டூ, உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு என்று இருந்தது. நான் பத்தோடு நின்றவள். "வேணும்னா உதவியாளரா இருந்துக்கிடுங்க" என்றார்கள். பணியாளருக்கு மதிப்பூதியம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500தான். பணத்தைவிட, பதினோரு வருடம் பிள்ளை பார்த்தது கணக்கிலேயே இல்லை என்பதுதான் என்னை அழவைத்தது.

தனித்தேர்வராக எழுத முடிவு செய்தேன். முதலில் பிளஸ் ஒன், அடுத்த வருடம் பிளஸ் டூ. தேர்வுத்துறை சேவை மையத்துக்கு நகல்களோடு போய்த் திரும்பி வந்தேன். மறுநாள் அசல் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் கொண்டுபோன பிறகே விண்ணப்பம் பதிவானது. செய்முறைத் தேர்வு இல்லாத பாடங்களாக வரலாறு, பொருளியல், வணிகவியல் எடுத்தேன். மத்தியானம் பிள்ளைகள் உறங்கும் ஒரு மணி நேரம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஆங்கிலம் ஒருமுறை போனது, துணைத்தேர்வில் தேறினேன். 2020 மார்ச்சில் பிளஸ் டூ எழுதி முடித்த சூட்டிலேயே ஊரடங்கு வந்துவிட்டது.

ஆனால் பிள்ளை வளர்ப்புக்கு உதவியது வணிகவியல் அல்ல. இடையில் கிடைத்த பயிற்சிதான். மூன்று வயதுக்குள் எழுத்து வேண்டாம், பேச்சு வேண்டும் என்று அங்கேதான் புரிந்தது. அதுவரை நான் தொட்டிலாட்டி, கஞ்சி கொடுத்து, அழாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று இருந்தவள். பிறகு கஞ்சி கொடுக்கும்போதே பேச ஆரம்பித்தேன்: இது பயறு, இது சூடு, ஊது மக்ளே. சிறிய சிரட்டை, பெரிய சிரட்டை என்று அடுக்கவைத்தேன். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, அதுவும் நாலு வயது தாண்டியவர்களுக்கு மட்டும், சின்னதுகள் விழுங்கிவிடும். வறுக்காத அண்டியை மட்டும் யார் கையிலும் கொடுக்கமாட்டேன். அதன் தோட்டு எண்ணெய் கையைச் சுட்டுப் பொள்ளிவிடும், தாய்மாரின் விரல்களைப் பார்த்தாலே தெரியும்.

"டீச்சரே, இவன் எப்பம் ஏபிசிடி எழுதுவான்?" என்று ஓர் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டரை வயதாகியும் அவன் பேசவில்லையே என்பதுதான் என் கவலை. ஒருநாள் முற்றத்தில் பலாப்பழம் விழுந்த சத்தம் கேட்டு, "சக்க" என்றான். சாயங்காலம் அந்த அம்மாவிடம் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

இப்போது திட்டத்தின் பெயர் பால்னா. 2024-ல் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக மத்திய அரசு வெளியிட்ட நவ்சேதனா வழிகாட்டியில் முதல் 36 மாதங்களுக்கு 140 செயல்பாடுகள் கொடுத்திருக்கிறார்கள். காப்பகத்தில் வேலைக்குச் சேருகிற எல்லோரிடமும் அதைத்தான் முதலில் படிக்கச் சொல்கிறேன். பிளஸ் டூ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களைக் கீழே இறக்காமல், இரண்டு வருட அவகாசமும் தேர்வுக் கட்டணமும் கொடுங்கள்.

என் வரலாற்றுப் புத்தகம் இப்போது பக்கத்து ஊர் உதவியாளர் ஒருத்தியிடம் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு மட்டும் சாயங்காலம் என் வீட்டுக்கு வருகிறாள்.