எங்கள் மாடியில் ஐந்து பூனைகள்

என் பூனை மிளகு விழுந்தது 2019-இல், ஒன்பதாம் மாடியின் சமையலறை ஜன்னலிலிருந்து. விடியற்காலை. துணி உலர்த்தும் மூங்கில் கழியில் ஒரு புறா வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே ஓடிப்போய் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மின்தூக்கியில் ஏறினேன். உள்ளே இருந்த பெரியவர் பார்த்துவிட்டு, "உங்கள் பூனையா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன்.

மூன்று ஆண்டுகள் என் தலையணையில் தூங்கிய உயிரை என்னுடையது இல்லை என்று சொன்னேன். சிங்கப்பூரில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. குறிப்பிட்ட சிறிய இனத்து நாய் ஒன்றை உரிமத்தோடு வைத்துக்கொள்ளலாம், பூனை கூடாது. அடைத்து வைப்பது கடினம், முடி உதிர்க்கும், பொது இடத்தில் அசுத்தம் செய்யும், இரவில் கத்தும் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. எத்தனையோ வீடுகளில் பூனைகள் இருந்தன. அக்கம்பக்கத்தில் யாரும் புகார் கொடுக்காதவரை எல்லாரும் பார்த்தும் பாராமல் இருந்தோம். ஜன்னலுக்கு வலை அடித்தால் வெளியே தெரிந்துவிடும் என்று பயந்துதான் நான் அடிக்காமல் விட்டேன். அந்தப் பயத்துக்கு மிளகு விலை கொடுத்தது. இதை இன்றுவரை என்னால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை.

அதனால்தான் 2024 செப்டம்பர் 1 அன்று தடை நீங்கியதும், உரிமம் எடுப்பதை என்னால் வெறும் படிவ வேலையாகப் பார்க்க இயலவில்லை. வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் நுண்சில்லு (தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சில்லு) பொருத்தி உரிமம் எடுக்க வேண்டும். 2026 ஆகஸ்ட் 31 வரை மாறுகாலம். அதுவரை உரிமத்துக்குக் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகும் உரிமம் இல்லாமல் வளர்த்தால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம்.

இப்போது என்னிடம் இருப்பது புட்டு. வெள்ளை உடம்பு, நம் புளோக்குப் பூனைகளுக்கே உரிய முறுக்கிய குட்டை வால். 2022-இல் கீழ்த்தளத்தில் சைக்கிள்களுக்கு நடுவே கிடைத்த குட்டி. அதற்குக் கருத்தடை முன்பே செய்திருந்தேன். நுண்சில்லு மட்டும் இல்லை. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் ஒரு கருவியைப் புட்டுவின் முதுகெங்கும் மெல்ல நகர்த்திப் பார்த்தார். வேறு யாருடைய சில்லாவது ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா என்ற சோதனை. பிறகு இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே ஊசி. அரிசி மணி அளவுதான் சில்லு. தடுப்பூசியைவிட ஊசி சற்றுத் தடிமன், அவ்வளவே. மறுபடி கருவியை வைத்ததும் 15 இலக்க எண் திரையில் வந்தது. சில்லுக்கு மின்கலம் கிடையாது, பூனை எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. யாராவது கண்டெடுத்துக் கருவியை வைத்தால் எண் தெரியும். எண்ணுக்கு எதிரே என் பெயர் இருந்தால்தான் பூனை வீடு வந்து சேரும். சில்லு பொருத்தினால் போதும், உரிமம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

அடுத்தது வளர்ப்போருக்கான இணையப் பாடம். முதல்முறை விண்ணப்பிப்பவர்கள் முடித்தாக வேண்டும். இருபது ஆண்டுகளாகப் பூனையோடு வாழ்கிற எனக்குப் பாடமா என்ற எண்ணத்தோடுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஜன்னலுக்கும் வாசற்கதவுக்கும் வலை போடுவது பற்றிய பகுதி வந்தபோது தொடர்ந்து வாசிக்க முடியாமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். இந்தப் பாடத்தை யாரும் வேகமாகத் தள்ளிவிட்டுப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மற்றபடி விண்ணப்பம் எளிது. தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குப் பிரிவு நடத்தும் உரிமத் தளத்தில் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழி நுழைந்து, பூனையின் பெயர், நிறம், பாலினம், வயது, சில்லு எண், கருத்தடை விவரம் எல்லாம் நிரப்பினேன். ஒரே அமர்வில் முடிந்தது. படிவத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு உண்மையான வேலை பக்கத்து வீட்டில்தான் காத்திருந்தது.

எங்கள் மாடியின் கோடியில் ஒரு மலாய் மூதாட்டி தனியாக இருக்கிறார். மக்சிக் (மலாயில் அத்தை) என்றுதான் மாடியில் எல்லாரும் கூப்பிடுவோம். அவரிடம் நான்கு பூனைகள். குன்யிட், ஹாலியா இரண்டும் செம்பழுப்பு அண்ணன் தம்பிகள். சூசு வெள்ளை. நான்காவது கருப்பு, பெயர் லாடா. மலாய் மொழியில் லாடா என்றால் மிளகு. அந்தப் பெயரை முதன்முதலில் கேட்ட அன்று, மிளகு விழுந்த கதையை அவரிடம் சொன்னேன். அதற்கு முன் அதை யாரிடமும் சொன்னதில்லை.

புதிய விதி பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே: வீட்டுக்கு இரண்டு பூனை. "நான் பதிவு செய்தால் மற்ற இரண்டையும் கொண்டுபோய்விடுவார்கள், நாக் (மகளே). நான் சும்மா இருந்துவிடுகிறேன்" என்றார். அவர் வாசற்கதவை எப்போதும் சாத்தியே வைத்திருந்ததன் காரணம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

"இல்லை மக்சிக், விதி வருவதற்கு முன்பிருந்தே உங்களிடம் இருப்பவை. மாறுகாலம் முடிவதற்குள் நான்குக்கும் உரிமம் எடுத்துவிட்டால் நான்கையும் வைத்துக்கொள்ளலாம். சும்மா இருந்தால்தான் ஆபத்து" என்றேன். நம்பவில்லை. அறிவிப்பின் அந்த வரியை அவருடைய பேரனைத் தொலைபேசியில் அழைத்து வாசிக்கச் சொன்ன பிறகுதான் சம்மதித்தார். அப்போதும் விண்ணப்பத்தை அனுப்பும்வரை கையில் தஸ்பி மணி உருண்டுகொண்டே இருந்தது.

ஊசியும் கருத்தடையும் நான்குக்கு என்றால் தனியார் மருத்துவமனையில் பெரிய செலவு. குறைந்த வருமானக் குடும்பங்களின் பூனைகளுக்கு இலவசமாகக் கருத்தடை செய்து நுண்சில்லு பொருத்தித் தரும் ஆதரவுத் திட்டம், தடை நீங்கிய அன்றே தொடங்கப்பட்டது. மக்சிக்குக்கு அது கிடைத்தது. தெரிந்தவர் யாருக்காவது தேவைப்பட்டால் இதை முதலில் சொல்லுங்கள். பலர் தயங்குவது பூனைமேல் அக்கறை இல்லாமல் அன்று, பணத்துக்குப் பயந்துதான்.

வயதை நிரப்பும்போது மக்சிக்குக்கு ஆண்டுகள் நினைவில்லை. "சூசு, நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்ததே, அப்போது வந்தது" என்றார். 2020 ஏப்ரல் என்று எழுதினேன். லாடா, பேரன் தேசிய சேவைக்குப் போன ஆண்டு. அண்ணன் தம்பி இருவரும் மூத்த மருமகளின் வளைகாப்பு மாதம். இப்படி நான்கு பூனைகளின் வயதைக் கணக்குப் போட்டதில் அந்தக் குடும்பத்தின் பத்து ஆண்டுக் கதை எனக்குத் தெரியவந்தது.

பிழை செய்தவள் நான். சில்லோடு வரும் எண் ஒட்டுச்சீட்டுகளை மருத்துவர் ஒவ்வொரு பூனையின் அட்டைக்கும் தனித்தனியாகத் தந்திருந்தார். வீட்டில் நான் அவற்றைப் பிரித்து வைத்தபோது குன்யிட்டின் சீட்டு எது, ஹாலியாவின் சீட்டு எது என்று குழம்பிவிட்டது. இரண்டும் ஆண், ஒரே வயது, ஒரே நிறம். ஒட்டிவிட்டு அனுப்பிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஒன்று காணாமல்போய்க் கிடைக்கும்போது, மற்றதன் பெயரும் மருத்துவக் குறிப்பும் அல்லவா திரையில் வரும்? மறுநாள் இரண்டையும் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போய் மீண்டும் கருவி வைத்துப் பார்த்தேன். நான் ஊகித்திருந்தது தலைகீழ்.

இணையப் பாடத்துக்கு இரண்டு மாலைகள் ஆயின. திரையின் சிறு எழுத்து அவர் கண்ணுக்கு எட்டாது. நான் வாசித்துச் சொன்னேன், பதிலை அவரே சொன்னார். கைவிட்டுவிடுவது குற்றம், முதல்முறையே 10,000 வெள்ளி வரை அபராதமும் 12 மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம் என்று நான் எடுத்துச் சொன்னபோது, "அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்களா?" என்று நிஜமாகவே அதிர்ந்துபோய்க் கேட்டார்.

என் உரிமம் மின்னஞ்சலில் வந்தது. சில நாள் கழித்து அவருடைய நான்கும் வந்தன. அச்செடுத்துக் கொடுத்ததும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கும் அலமாரியில் வைத்தார். இன்னும் வாரம் ஒருமுறையாவது எடுத்துப் பார்க்கிறார்.

வலை மட்டும் பாக்கி இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து அடித்தோம். வரவேற்பறை ஜன்னல் சுலபம். இரும்புக் கம்பிகள்மேல் வலையை விரித்துப் பிளாஸ்டிக் பட்டைகளால் இழுத்துக் கட்டினால் போதும். சமையலறை ஜன்னலில்தான் மூங்கில் கழியை நீட்ட இடம் விட வேண்டியிருந்தது. அந்தப் பகுதிக்கு மட்டும் திறந்து மூடும்படி ஒரு சட்டகம் செய்து மாட்டினோம். பட்டைகளை ஒரு சாண் இடைவெளியில் கட்டலாம் என்றார் மக்சிக். நான் நான்கு விரல் இடைவெளியில் கட்டினேன். லாடா அருகில் உட்கார்ந்து, வெட்டி விழுந்த பட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. கட்டி முடித்ததும் மக்சிக் எழுந்துபோய், வாசற்கதவை முழுவதும் திறந்து வைத்துவிட்டு வந்தார். கம்பிக் கதவில் காலையிலேயே வலை அடித்திருந்தோம்.