ஏற்காட்டு மழையில் ப்ளூ பீட்டில்

சேலத்து வெயில் தாங்காமல் ஏற்காட்டுக்கு, அக்கா வீட்டுக்கு வந்தேன். நல்ல மழை, கரண்ட் இல்லை. 'ஃபார்மர்லி நோன் அஸ் த ஜஸ்டிஸ் லீக்' என்கிற சூப்பர்ஹீரோ நகைச்சுவை காமிக்ஸின் ஆறு இதழ்களையும் ஒரே மூச்சில் மறுபடி படித்துவிட்டேன். 2003-இல் வந்தது. கிஃபன், டிமாட்டீஸ் எழுத்து. கெவின் மெக்வயர் படம். அந்த முகங்கள் இருக்கே! பாதி இடங்களில் வசனமே வேண்டாம், உதட்டோரக் கோடு போதும். நான் சிரித்த சத்தத்தில் அக்கா டார்ச் லைட்டோடு ஓடி வந்துவிட்டாள். 2004-இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருது சும்மாவா கொடுத்தார்கள்!

ஆனால் இந்த முறை தொண்டை அடைத்தது. இந்தக் கதையில் ஹீரோக்களை ஒன்று சேர்க்கிற அதே மேக்ஸ்வெல் லார்டுதான் 2005-இல் வேறொரு கதையில் அவர்களில் ஒருவனான ப்ளூ பீட்டிலைச் சுட்டுக் கொல்கிறான். அது தெரிந்தபிறகு இவர்கள் அடிக்கிற அரட்டையை வேகமாகப் புரட்ட மனசு வரவில்லை. கிஃபனும் 2023-இல் போய்விட்டார்.

ராத்திரி அக்கா பையனுக்கு முதல் இதழிலிருந்து தமிழில் சொல்லப்போகிறேன்.