ஜன்னல் இல்லாத தொழுகை அறை

புதுச்சேரி ஓட்டல் என்றால் பீச்சும் சரக்கும்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும். ரிசப்ஷனில் நிற்கும் எனக்கு இன்னொரு கூட்டத்தையும் நன்றாகத் தெரியும். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து சென்னையில் இறங்கி, ஈசிஆர் வழியாகப் பரங்கிப்பேட்டைக்கும் நாகூருக்கும் போகிற குடும்பங்கள். நன்னா (தாத்தா) முதல் கைக்குழந்தை வரை வேன் நிறைய வருவார்கள்.

கொரோனா அடங்கி அவர்கள் மறுபடி வரத் தொடங்கியதும், ஹலால் முறைப்படி விருந்தினரைக் கவனிப்போம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. தொழும்போது நோக்க வேண்டிய மக்கா திசையைக் காட்டும் கிப்லா அம்புக்குறியை நேர் மேற்காக ஒட்டப் பார்த்தார்கள். எங்கள் ஊரிலிருந்து அது சுமார் 20 டிகிரி வடக்கே சாயும். அதைத் திருத்துவது சுலபம். தொழுகைக்கென்று கீழ்த்தள ஸ்டோர் ரூமைக் கொடுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏசி உண்டு, ஜன்னல் கிடையாது.

கொரோனா காற்றில் பரவும் நோய். உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிவிடும் ஸ்பிலிட் ஏசிக்குக் கீழே பலர் தோளோடு தோள் நின்றால், தரையை எவ்வளவு துடைத்து என்ன? உயிர் முக்கியம் என்று ஹஜ்ஜையே 2021-ல் சவுதிக்குள் இருந்த 60,000 பேரோடு நிறுத்திக்கொண்டார்கள். நாம் ஒரு நல்ல அறை ஒதுக்கக் கூடாதா என்று கேட்டேன். மாடியில் இருபுறமும் ஜன்னல் வைத்த மீட்டிங் ஹால் கிடைத்தது. எல்லோரும் பயன்படுத்தும் முசல்லாக்களை (தொழுகை விரிப்புகளை) எடுத்துவிட்டு, துவைத்த விரிப்பை அவரவர் அறைக்கே அனுப்பினோம். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளு செய்யத் தாழ்வான குழாயும் உட்காரத் திண்டும் கட்டினோம். வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைக்கும் வயசாளிகள் ஈரத்தில் வழுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும்.

சமையலறையில் வேலை அதைவிட அதிகம். கோழியை ஹலால் கடையில் வாங்கிவிட்டு, பன்றி இறைச்சி பொரித்த எண்ணெயிலேயே போட்டால் என்ன பயன்? பிரெஞ்சு சாஸில் ஒயின் இருக்கும், புட்டிங்கில் பன்றியிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டின் இருக்கும். தனிச் சட்டி, தனிக் கத்தி, தனி வெட்டுப்பலகை வந்தன.

பினாங்கிலிருந்து வந்த ஒரு அம்மா, “தம்பி, பொரிக்கிற சட்டியை நான் பார்க்கணுமே” என்றார். மாஸ்டர் முகம் சுளித்தார். “வாங்கம்மா” என்று கூட்டிப் போனேன். எண்ணெயை மோந்து பார்த்தார், ஃப்ரிட்ஜைத் திறக்கச் சொன்னார், பாத்திரம் கழுவும் இடத்தையும் விடவில்லை. அப்புறம்தான் பேரப்பிள்ளைகளுக்குச் சாப்பாடு சொன்னார். அப்படித்தான் கேட்க வேண்டும். கொரோனா கற்றுக்கொடுத்த இந்தக் கேள்விகளை விருந்தினர்கள் மறந்துவிடக் கூடாது என்று விரும்புகிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் நடக்கவில்லை. அறைகளைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தப் பெண்களுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய கூலி போய்விடும். அதனால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுகிறார்கள். காய்ச்சல் நாளுக்கும் கூலி கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், கிடைக்கும்வரை கேட்பேன்.